மூச்சுப் பயிற்சியும் புகை பிடிக்கும் வாலிபரும்

முதல் எது, லாபம் எது என்று வியாபாரிகளாகிய நமக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. முதலை எடுத்துத் தின்பவன் கடை நிலைக்காது என்பதைச் சிறுவயதில் கல்லாப் பெட்டியின் பக்கத்தில் நின்றே நாம் படித்துக்கொண்டோம். ஆனால் நம்மிடம் வேலை பார்க்கும் வாலிபர்களில் சிலரும், நம் வீட்டுப் பிள்ளைகளில் சிலரும், தங்கள் நெஞ்சுக்குள் இருக்கும் ஒரு முதலை நாள்தோறும் சிறிது சிறிதாகப் புகையாக்கி வருகிறார்கள். நுரையீரலே அந்த முதல்.

இக்காலத்தில் வாலிபர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. "மூச்சுப் பயிற்சி செய்தால் நெஞ்சு சுத்தமாகிவிடும், பிறகு இரண்டு சிகரெட்டு பிடித்தால் என்ன கெட்டுப்போகும்?" என்பது அப்பேச்சு. கைபேசியில் காணும் காட்சிகளும் இதற்குத் தூபம் போடுகின்றன. இதில் உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம். நாம் வைத்தியரல்லர், கடை நடத்துபவர்கள். ஆயினும் வைத்தியர்கள் அளந்து எழுதி வைத்திருப்பதைப் படித்து, நமக்குத் தெரிந்த கணக்கு முறையில் விளங்கிக்கொள்ள நம்மால் முடியும்.

1. மூச்சு நடக்கும் விதம்

நெஞ்சுக் கூட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு தசை இருக்கிறது. இதற்கு உதரவிதானம் என்று பெயர். இத்தசை கீழே இறங்கும்போது நெஞ்சு விரிந்து காற்று உள்ளே வருகிறது. மேலே ஏறும்போது காற்று வெளியே போகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் ஒரு மூச்சுக்குச் சுமார் அரை லிட்டர் காற்று இழுக்கிறார். நிமிடத்திற்குப் பன்னிரண்டு முதல் பதினாறு மூச்சு வரை நடக்கும். எவ்வளவு முக்கி ஊதினாலும் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான காற்று உள்ளேயே தங்கிவிடும்.

உள்ளே போன காற்று பெரிய குழாயிலிருந்து கிளைக் குழாய்களுக்கும், அவற்றிலிருந்து நூல் போன்ற சிறு குழாய்களுக்கும் சென்று, முடிவில் நுண்ணிய காற்றுப் பைகளை அடைகிறது. இப்பைகள் 30 கோடிக்கும் மேல் உண்டு. இவற்றைப் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர் இடத்தை அடைக்கும். அஃதாவது ஒரு நடுத்தரக் கடையின் தரையளவு. இந்தத் தரையின் மீதுதான் பிராணவாயு இரத்தத்தில் இறங்குவதும், கரியமில வாயு வெளியேறுவதும் ஆகிய கொடுக்கல் வாங்கல் இரவும் பகலும் நடக்கிறது.

மோதினார் பாங்கு சொல்லும்போது ஒரு வாசகத்தை நீட்டி முடிக்கும் வரை மூச்சை எவ்வளவு சிக்கனமாகச் செலவிடுகிறார் என்பதைக் கவனித்திருப்பீர்கள். கிராஅத் ஓதப் பழகியவர்களுக்கும் இது தெரியும். மூச்சைப் பழக்கலாம் என்பதற்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. ஆனால் பழக்குவது எதை? தசையையா, குழாயையா? இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

2. மூச்சை அளக்கும் கோல்

1846ஆம் ஆண்டில் லண்டனில் ஜான் ஹட்சின்ஸன் என்னும் வைத்தியர், ஒருவர் ஊதும் மூச்சை அளந்து சொல்லும் கருவியைப் பற்றி எழுதினார். தண்ணீரில் கவிழ்த்து வைத்த ஒரு பாத்திரத்தினுள் குழாய் வழியாக ஊதினால் பாத்திரம் மேலே எழும். எழுந்த அளவைக் கொண்டு மூச்சின் அளவு தெரியும். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களை அவர் இவ்விதம் ஊதச் செய்து, உயரம் கூடக் கூட மூச்சின் அளவும் கூடுவதைக் கண்டார். இக்கருவிக்கு ஸ்பைரோமீட்டர் என்று பெயர். இன்று மருத்துவமனைகளில் இருப்பது கையடக்கமான மின்கருவியே ஆயினும் வேலை ஒன்றுதான்.

இக்கருவி சொல்லும் கணக்கில் இரண்டை நாம் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று, நெஞ்சு நிறைய இழுத்து முழுவதும் ஊதினால் வெளிவரும் மொத்தக் காற்று. மற்றொன்று, அப்படி ஊதும்போது முதல் ஒரு விநாடியில் மட்டும் வெளிவரும் காற்று. ஆரோக்கியமான வாலிபர் முதல் விநாடியிலேயே மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கை வெளியே தள்ளிவிடுவார். குழாய்கள் சுருங்கியோ அடைபட்டோ இருந்தால் இப்பங்கு குறையும். சரக்கு கிடங்கு நிறைய இருந்தும் வாசல் குறுகிவிட்டால் மூட்டை வெளிவரத் தாமதமாவது போன்றது இது. ஆதலின் முதல் விநாடிக் கணக்கே வைத்தியர்களுக்கு முக்கியம்.

3. வாலிபத்தின் விசேஷம்

இங்கே பலர் அறியாத விஷயம் ஒன்று உண்டு. நுரையீரல் பிறந்தவுடன் முழு வளர்ச்சி பெறுவதில்லை. பிள்ளைப் பருவம் முழுவதும் வளர்ந்து, இருபதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள்தான் அதன் சக்தி உச்சத்தை எட்டுகிறது. சில ஆண்டுகள் அங்கே நின்று, பின்பு எல்லாருக்குமே மெல்ல மெல்ல இறங்குகிறது. ஆகவே பதினைந்து வயதில் சிகரெட்டைத் தொடுபவன் செலவை மட்டும் கூட்டிக்கொள்ளவில்லை. சேர வேண்டிய முதலையும் சேரவிடாமல் தடுக்கிறான்.

1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி இதை அளந்து காட்டியது. ஆறு நகரங்களில் 10 முதல் 18 வயதுக்குட்பட்ட சுமார் பத்தாயிரம் பிள்ளைகளை ஆண்டுதோறும் ஊதச் செய்து பார்த்தார்கள். நாளைக்கு ஐந்து சிகரெட்டோ அதற்கு மேலோ பிடித்த பிள்ளைகளுக்கு நுரையீரல் வளர்ச்சி மந்தப்பட்டது. பெண் பிள்ளைகளுக்கு இக்கெடுதி இன்னும் அதிகமாக இருந்தது. "அஞ்சே அஞ்சுதான் முதலாளி!" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் தம்பிமார் இந்த "அஞ்சு" என்னும் எண்ணைக் கவனிக்க வேண்டும்.

இனி இறக்கத்தின் கணக்கைப் பார்ப்போம். 1977இல் பிளெச்சர், பீட்டோ என்னும் இருவர் லண்டன் தொழிலாளர்களை எட்டு ஆண்டுகள் அளந்து பெற்ற முடிவுகளை வெளியிட்டார்கள். பின்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் நுரையீரலில் சிறிது அடைப்பு கண்டிருந்த சுமார் ஆறாயிரம் புகைப்பவர்களைப் பதினோரு ஆண்டுகள் கவனித்து, 2002இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். புகையை விட்ட ஆண்களுக்கு முதல் விநாடிக் கணக்கு ஆண்டுக்குச் சுமார் 30 மில்லி லிட்டர் வீதம் இறங்கியது. விடாதவர்களுக்குச் சுமார் 66 மில்லி லிட்டர் வீதம் இறங்கியது. இரண்டு மடங்குக்கும் அதிகம்!

விளங்குவதற்காக ஒரு பேரேடு போட்டுப் பார்ப்போம். இருபத்தைந்து வயதில் ஒருவருக்கு முதல் விநாடிக் கணக்கு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 30 மில்லி லிட்டர் போனால் அறுபத்தைந்து வயதில் 2.8 லிட்டர் கையிருப்பு இருக்கும். ஆண்டுக்கு 60 வீதம் போனால் 1.6 லிட்டர்தான் மிஞ்சும். அந்நிலையில் இரண்டு மாடிப்படி ஏறுவதற்குள் நின்று மூச்சு வாங்க நேரிடும். அதே மனிதர் முப்பத்தைந்து வயதில் புகையை விட்டிருந்தால் 2.5 லிட்டர் மிஞ்சும். போனது திரும்பி வருவதில்லை. ஆனால் ஒழுக்கு நின்றுவிடுகிறது. புகைப்பவர் எல்லாருக்கும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை என்பதும் உண்மையே. ஆனால் யாருக்கு வேகமாக இறங்கும் என்பதை இருபது வயதில் எவரும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

4. புகை செய்யும் வேலை

காற்றுக் குழாய்களின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிரிழைகள் உண்டு. உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளிவிடுவது இவற்றின் வேலை. கடையைக் கூட்டிப் பெருக்கும் ஆள் போன்றவை இவை. சிகரெட்டுப் புகை இந்த மயிரிழைகளை முடக்கிவிடுகிறது, சளியையோ அதிகப்படுத்துகிறது. குப்பை கூடுகிறது, கூட்டுகிற ஆள் படுத்துவிட்டான்! அதனால்தான் புகைப்பவர் காலையில் எழுந்ததும் இருமுகிறார்.

அடுத்து, புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு. இரத்தத்தில் பிராணவாயு ஏறிச் செல்ல வேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பலத்தோடு இது பிடித்துக்கொள்கிறது. நாற்காலி நிறைய ஆள் இருந்தும் வாங்குபவர் ஒருவருமில்லாத கடை போல் இரத்தம் ஆகிவிடுகிறது.

மூன்றாவதாக, இரண்டு மில்லி மீட்டரை விடச் சிறிய குழாய்களில் புகை புண்ணையும் வீக்கத்தையும் உண்டாக்குகிறது. கெடுதி முதலில் தொடங்குவது இங்கேதான். ஆனால் இக்குழாய்கள் எண்ணிக்கையில் மிக அதிகம் ஆதலின், சில அடைபட்டாலும் மற்றவை வேலையைச் சமாளித்துவிடும். அதனால் வாலிபருக்கு ஒன்றும் தெரிவதில்லை. கருவியில் ஊதினால்கூடக் கணக்கு சரியாகவே வரலாம். "ராணுவச் சேவையில் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தில் தேறிவிட்டேன், எனக்கென்ன?" என்று கேட்கும் பிள்ளைக்கு இதுவே பதில். தேறியது புகையினால் அல்ல, வாலிபத்தின் கையிருப்பினால். கடையில் சரக்கு நிறைந்திருக்கும்போது நாலு மூட்டை திருட்டுப் போனால் உடனே தெரியாது. வருஷக் கணக்கு எடுக்கும்போதுதான் தெரியும்.

5. பயிற்சி தருவதும் தராததும்

இப்போது நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம்.

2012ஆம் ஆண்டில் தென்கொரியாவில் புகை பிடிக்கும் வாலிபர்கள் சிலரைச் சில வாரங்கள் பலூன் ஊதும் பயிற்சி செய்யச் சொல்லி, முன்னும் பின்னும் மூச்சை அளந்தார்கள். மூச்சின் அளவுகளில் சில கூடியிருந்தன. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கூடியது எதனால் என்று பார்க்க வேண்டாமா?

ஊதி அளக்கும் சோதனை, ஊதுபவரின் முயற்சியைப் பொறுத்தது. பயிற்சியால் உதரவிதானமும், விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும், வயிற்றுத் தசைகளும் வலுப்பெறுகின்றன. நிமிர்ந்து உட்கார்ந்து முழுமையாக இழுத்து முழுமையாக ஊதும் பழக்கமும் வருகிறது. ஆகவே கருவியில் எண் உயரலாம். மூட்டை தூக்கித் தூக்கிக் கூலியாளின் தோள் வலுக்கும். ஆனால் அவன் தோள் வலுத்ததனால் கிடங்குக் கூரையின் ஒழுக்கு அடைபடாது. பயிற்சி தசைக்கு வலு தருகிறது. வீங்கிய சிறு குழாயை அது சரிசெய்வதில்லை. கிழிந்த காற்றுப் பையைத் தைப்பதில்லை. குழாயில் ஒட்டிய தாரைக் கழுவுவதில்லை. புற்றுநோய் அபாயத்தைக் குறைப்பதுமில்லை. சில வாரத்துச் சிறு சோதனையைக் கொண்டு நாற்பது வருஷக் கணக்கைத் தீர்க்கவும் முடியாது.

இன்னொரு அபாயமும் உண்டு. பயிற்சி செய்தவனுக்கு உடம்பு சற்று இலேசாக இருக்கும். ஓட்டத்தில் சில விநாடி குறையும். உடனே, "புகைத்தும் எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது" என்று எண்ணிவிடுவான். புகையைத் தொடரச் சாக்காகும் பயிற்சி அவனுக்கு நன்மையாக முடியாது.

அப்படியானால் பயிற்சி வீணா? இல்லவே இல்லை. இரண்டு இடங்களில் அது மெய்யாகவே உதவுகிறது. முதலாவது, நாட்பட்ட மூச்சடைப்பு நோய் கண்ட பெரியவர்களுக்கு. உதட்டைக் குவித்து மெல்ல ஊதினால் அவர்களுடைய குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் திறந்திருக்கும். மூச்சுத் திணறல் தணியும். இரண்டாவது, புகையை விட முயலும் வாலிபருக்கு. பாடத்தின் உயிர்நாடி இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

சிகரெட்டு மேல் எழும் ஆசை பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே தணிந்துவிடும் அலை. அந்தச் சில நிமிடத்தைக் கடத்த ஒரு வேலை வேண்டும். புகைப்பவர் "மனம் ஆறுகிறது" என்று சொல்வதை யோசித்துப் பாருங்கள். வேலையை விட்டு ஒதுங்கி நிற்கிறார், நீளமாக மூச்சை இழுக்கிறார், மெல்ல விடுகிறார். அந்த ஆறுதலில் ஒரு பங்கு அந்த நீண்ட மூச்சினுடையதே. புகையில்லாமலே அந்தப் பங்கைப் பெறலாம். 2013இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு சிறு ஆராய்ச்சியில், புகைக்காமல் இருந்தவர்கள் யோக முறையில் மூச்சுப் பயிற்சி செய்தவுடன் ஆசை தணிந்தது. ஆனால் மறுநாள் வரை அது நிற்கவில்லை. ஆகவே ஆசை எழும் ஒவ்வொரு தடவையும் பயிற்சியைக் கையில் எடுக்க வேண்டும். ஒரு முறை செய்து மறந்துவிடும் மருந்தல்ல அது.

6. செய்யும் முறை

முதுகை நிமிர்த்தி நாற்காலியில் உட்காரவும். ஒரு கையை நெஞ்சின் மீதும், மறு கையை வயிற்றின் மீதும் வைக்கவும். மூக்கு வழியாக இரண்டு அல்லது மூன்று எண்ணும் வரை மெல்ல இழுக்கவும். வயிற்றின் மேல் உள்ள கை எழும்ப வேண்டும். நெஞ்சின் மேல் உள்ள கை அதிகம் அசையலாகாது. பின்பு சூடான தேநீரை ஊதி ஆற்றுவது போல் உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல் இரு மடங்கு நேரம் மெல்ல விடவும். ஐந்து நிமிடம் இப்படிச் செய்யலாம். காலையும் மாலையும் செய்வது பழக்கத்திற்காக; ஆசை எழும்போது செய்வது தேவைக்காக.

வேக வேகமாக இழுத்து விடுவது கூடாது. தலை சுற்றினாலோ விரல் மரத்தாலோ நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விடவும். கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதே இதற்குக் காரணம். நெஞ்சு வலி, இரத்தம் கலந்த சளி, மூன்று வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமல் ஆகியவற்றைப் பயிற்சியால் சரிசெய்ய நினைக்காமல் டாக்டரிடம் போகவேண்டும். வேகநடையும் ஓட்டமும் இப்பயிற்சியோடு சேர்ந்தால் மிக நன்று.

புகையை விட்டவருக்குக் கூலி சீக்கிரமே கிடைக்கத் தொடங்குகிறது. ஓரிரு நாளில் இரத்தத்திலுள்ள நச்சுவாயு நீங்கிவிடும். வாரங்களும் மாதங்களும் செல்லச் செல்ல மயிரிழைகள் மீண்டும் வேலைக்கு வரும். தொடக்கத்தில் இருமல் கூடினாலும் பயப்படவேண்டாம்; படுத்திருந்த ஆள் எழுந்து குப்பையைக் கூட்டுகிறான் என்று கொள்ளவும். பிரிட்டிஷ் டாக்டர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் கவனித்த ரிச்சர்ட் டாலும் அவருடைய கூட்டாளிகளும் 2004இல் கண்ட முடிவு யாதெனில், தொடர்ந்து புகைத்தவர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழக்கிறார். முப்பது வயதில் விட்டவர் ஏறக்குறைய அந்தப் பத்தையும் காப்பாற்றிக்கொள்கிறார். நாற்பதில் விட்டவர் ஒன்பதையும், ஐம்பதில் விட்டவர் ஆறையும், அறுபதில் விட்டவர்கூட மூன்றையும் பெறுகிறார். வாலிபருக்காக எழுதும் இப்பாடத்தில் முதலாளிமாருக்கும் பங்குண்டு என்பதை இவ்வெண்களே சொல்கின்றன.

7. நம் கடைகளில் செய்யத்தக்கவை

சிங்கப்பூரில் சிகரெட்டு வாங்கும் வயது 2019இல் 19ஆகவும், 2020இல் 20ஆகவும், 2021 ஜனவரி முதல் 21ஆகவும் உயர்த்தப்பட்டது. 2017 ஆகஸ்டு முதல் கடைகளில் சிகரெட்டுப் பெட்டிகளை வெளியே தெரிய வைக்கலாகாது. 2018 பிப்ரவரி முதல் மின்சிகரெட்டை வைத்திருப்பதும் வாங்குவதும் பிடிப்பதும் குற்றம். நுரையீரல் வளர்ந்து முடியும் வயதையும் சட்டம் குறித்த வயதையும் சேர்த்துப் பார்த்தால், 21 என்பது வெறும் அதிகாரக் கெடுபிடியல்ல என்பது விளங்கும். விற்பனை லைசென்ஸ் வைத்திருப்போர் அடையாள அட்டையைக் கேட்பதற்கு வெட்கப்படலாகாது. தெரிந்த வீட்டுப் பிள்ளையாயிற்றே என்று தாட்சணியம் பார்ப்பது அந்தப் பிள்ளைக்கே செய்யும் கெடுதியாகும்.

இதைவிட முக்கியமானது நம் சிப்பந்திகளின் விஷயம். பல கடைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. புகைப்பவன் ஐந்து நிமிடம் வெளியே போய் வரலாம். புகைக்காதவன் கல்லாவை விட்டு நகர முடியாது. ஊரைவிட்டு, தாய் தகப்பனை விட்டுப் பிழைக்க வந்த பையன் இதைப் பார்த்து என்ன படிப்பான்? ஓய்வு வேண்டுமானால் சிகரெட்டு வேண்டும் என்றல்லவா படிப்பான்! அந்த ஐந்து நிமிடத்தை எல்லாருக்கும் கொடுத்துவிடுவோம். காலை ஒன்று, மாலை ஒன்று. புகைக்காதவன் தேநீர் குடிக்கட்டும்; விட முயல்பவன் மேலே சொன்ன மூச்சை இழுத்து விடட்டும். இதனால் வியாபாரம் ஒன்றும் கெட்டுவிடாது. பெரியவர்கள் தங்களுக்குச் சிகரெட்டு வாங்கிவரப் பையன்களை அனுப்புவதும் நிற்க வேண்டும்.

நோன்பு மாதம் நமக்கு ஒரு பெரிய வாய்ப்பு. இந்நாட்டில் பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேலாக நோன்பாளி புகையைத் தொடுவதில்லை. நோன்பு திறக்கும் நேரத்தில் காலையில் இருந்த நச்சுவாயுவில் பெரும்பகுதி இரத்தத்தை விட்டுப் போயிருக்கும். பகல் முழுவதும் முடிந்தவனுக்கு இரவும் முடியும். நோன்பு திறந்தபின் எடுக்கும் அந்த முதல் சிகரெட்டைத் தள்ளிப்போடுவதில்தான் போராட்டம் இருக்கிறது. அவ்வேளையில் ஒரு நானாவோ மாமுவோ பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, வா, கொஞ்சம் நடந்துவிட்டு வருவோம்" என்று அழைத்தால் அது ஒரு பெட்டி மருந்துக்குச் சமம். அதுவும் போதாதவர்களுக்கு மருந்துக்கடைகளில் கிடைக்கும் நிக்கோட்டின் மெல்லும் பசையும் ஒட்டும் பட்டையும் உண்டு. சுகாதார மேம்பாட்டு வாரியம் நடத்தும் புகைவிடும் திட்டமும் உண்டு. உதவி கேட்பது கேவலமல்ல.

சுருங்கச் சொன்னால்: மூச்சுப் பயிற்சி தசையை வளர்க்கும், புகையின் கெடுதியை அழிக்காது. புகையோடு சேர்த்துச் செய்தால் கண்துடைப்பு. புகையை விடுவதற்காகச் செய்தால் கைத்தடி. இருபது வயதுப் பிள்ளையின் நெஞ்சில் இருக்கும் முதலுக்கு மறுபடி கொள்முதல் கிடையாது. அந்தப் பிள்ளை நம் கடையில் நிற்கும் காலம் வரை அதைக் காக்கும் பொறுப்பில் நமக்கும் பங்குண்டு என்பதை மறவாதிருப்போமாக.